ஆறாம் நம்பர் முட்டையின் எடை

தராசுக்காரர் எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். கடைத்தெருத் தராசுகளைப் பழுது பார்ப்பதும் சரிபார்ப்பதும்தான் அவர் தொழில். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. புது சோப்புக் கட்டியை நிறுப்பார். அது பாதி கரைந்ததும் இன்னொரு தடவை நிறுப்பார். கல்யாணமான புதிதில் மனைவியின் பின்னலை உள்ளங்கையில் ஏந்தி, "நூத்தி நாப்பது கிராம் இருக்கும்" என்றார். அவருக்குத் தெரிந்த கொஞ்சல் அவ்வளவுதான்.

மனைவி நேர் எதிர். வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுவாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் கையைக் குவித்துக் காட்டுவாள். ஒவ்வொரு தடவையும் ஒயின் நன்றாகவே வரும். ஆனால் போன தடவை இருந்த ருசி இந்தத் தடவை இருக்காது.

இரண்டு பேருக்கும் சண்டை பின்னறைக்காக. வெயில் நேராக விழாமல், காற்றடிக்காமல், இளஞ்சூடாக இருக்கும் இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அங்கே தராசுக்காரர் தானே செய்த குஞ்சு பொரிக்கும் பெட்டியை வைத்திருந்தார். உள்ளே ஒரு பல்பு, வெப்பமானி, தண்ணீர் ஊற்ற ஒரு குழாய், பெட்டியைத் திறக்காமலே முட்டைகளைப் புரட்டிவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி. குறை சொல்ல முடியாத வேலை. அவளுடைய ஜாடிகளோ மாடிப்படிக்குக் கீழே செருப்புகளோடு கிடந்தன. ஒயின் நுரைத்து வழிந்த நாட்களில் செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டு காலோடு வராது.

பெட்டி வந்து மூன்று தடவை முட்டை வைத்தாயிற்று. ஒரு குஞ்சுகூட வரவில்லை. காரணம் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அடையில் இருக்கும் முட்டை நாளுக்கு நாள் கொஞ்சம் எடை குறையும் என்று எங்கோ படித்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை பெட்டியைத் திறந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நிறுத்து, நோட்டில் எழுதிவிட்டுத்தான் மறு வேலை.

அந்தத் தெருவில் ஐந்து வீட்டில் கொல்லைப்புறக் கோழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் பல் டாக்டரம்மாவின் கார் நிறுத்தும் கொட்டகையில் கூடுவார்கள். தீவனம் கைமாறும், முட்டை கைமாறும், ஒயின் பாட்டில் கைமாறும். டாக்டரம்மாவிடம் பதினோரு கோழிகள். அவள் நயமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணே, கோழி அடையில உக்காந்தா லேசுல எந்திரிக்காது. நீங்க நாளுக்கு நாலு வாட்டி எழுப்பி விடுறீங்க."

"கோழிக்கு எடை பாக்கத் தெரியாது டாக்டரம்மா."



நாலாவது தடவை வைத்தது, அவர் செல்லம் கொடுத்து வளர்த்த புள்ளிக் கோழியின் முட்டைகள். அதற்கு வயதாகிவிட்டது, இனி முட்டையிடுமா என்பதே சந்தேகம். ஒன்பது முட்டைகளுக்கும் பென்சிலால் நம்பர் போட்டுவிட்டு, கொட்டகையில் எல்லோர் முன்னாலும் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வாட்டி ஒரு குஞ்சாவது வரலைன்னா பெட்டியைத் தூக்கிடறேன். பின்னறை உனக்கு."

"அக்கா, ஜாடியக் கழுவிக் காய வைங்க" என்றார் எதிர்வீட்டு பஸ் கண்டக்டர்.

எட்டாம் நாள் தராசுக்காரருக்கு வெளியூரில் வேலை வந்துவிட்டது. பெரிய சந்தை, அறுபது தராசு, பத்து நாள் ஆகும். கிளம்பும்போது நோட்டை மனைவியின் கையில் ஒப்படைத்தார்.

"காலைல ஆறு, மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து. ஒண்ணுகூட விடக் கூடாது."

"பல்லு வெளக்குறத விட்டாலும் இத விடமாட்டேன், போய்ட்டு வாங்க."

முதல் தடவை ஒழுங்காகத்தான் செய்தாள். பெட்டியைத் திறந்ததும் வெப்பமானி சரசரவென்று இறங்கியது. ஒன்பதையும் நிறுத்து முடிப்பதற்குள் முட்டைகள் கைக்குச் சில்லென்று இருந்தன. மூடிய பிறகும் சூடு பழையபடி ஏற அரை மணி நேரம் ஆயிற்று. அவள் அங்கேயே நின்று யோசித்தாள். இப்படியே பத்து நாள் திறந்தால் பின்னறை அவளுக்குத்தான். யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. புருஷன் சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் எட்டுக் கிலோ திராட்சை வந்து இறங்கியது. முழங்கைவரை சாறு. பன்னிரண்டு மணிக்குப் பெட்டியருகே போனாள். ஒட்டும் கையோடு மூடியைத் தொடவும் மனம் வரவில்லை, உள்ளே இருப்பதை எழுப்பவும் மனம் வரவில்லை. கம்பியை மட்டும் இழுத்துவிட்டு, குழாயில் தண்ணீர் ஊற்றிவிட்டு, நோட்டில் முந்தைய வரியைப் பார்த்து ஒவ்வொன்றிலும் துளி துளியாகக் குறைத்து எழுதிவிட்டாள். சர்க்கரை போடுகிற கைதானே!

தினமும் சாயங்காலம் போன் வரும்.

"மூணாம் நம்பர் எவ்வளவு?"

"ஐம்பத்தஞ்சே கால்."

"பிரமாதம்! நல்ல சீரா இறங்குது. நீ பாத்தது சரிதானே?"

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன்."

அவர் திரும்பி வந்தது பதினெட்டாம் நாள். அதற்கு மேல் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று அவர் படித்ததிலேயே இருந்தது; அதனால் முட்டைகள் பிழைத்தன. இருபத்தோராம் நாள் காலையில் பெட்டிக்குள் கீச்சென்று ஒரு சத்தம். சாயங்காலத்துக்குள் ஏழு குஞ்சுகள். தராசுக்காரர் ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனை கிராம் என்று சொல்லவே இல்லை. அதைப் பார்த்ததும் மனைவிக்குப் பின்னறை போன வருத்தம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி செருப்பு ஒட்டியபோது திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் அவர் நோட்டைக் கொடியைப் போல உயர்த்திப் பிடித்தார். "எடை பாத்தா குஞ்சு வராதுன்னீங்களே? இந்தாங்க, நாளுக்கு நாலு வாட்டி!"

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் புரட்டினாள். பல்லில் சொத்தை தேடும் பார்வை அது.

"அண்ணே, ஆறாம் நம்பர் முட்டை புதன்கிழமை ஐம்பத்திரண்டு. வியாழக்கிழமை ஐம்பத்தஞ்சு. முட்டை எப்படிண்ணே எடை ஏறும்?"

புதன்கிழமை பழைய ஜாடியைத் திறந்து ருசி பார்த்த நாள். கொஞ்சம் அதிகமாகவே ருசி பார்த்துவிட்டாள். வியாழன் காலை எழுத்துகளே சாய்ந்துதான் இருந்தன.

"உள்ளுக்குள்ளயே தீனி தின்னிருக்கும்" என்றார் கண்டக்டர். கொட்டகை சிரித்தது.

தராசுக்காரர் நோட்டை வாங்கிப் பார்த்தார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் அடையாளம். முன்பின் பக்கங்களைப் புரட்டினார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் டாக்டரம்மாவின் காரை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தராசுல கோளாறு" என்றார் அவர்.

"யாரு தராசுலண்ணே?" என்று கண்டக்டர் மெல்லக் கேட்டார்.

"என் தராசுலதான். ஏன், வரக் கூடாதா?"

அந்த வாரம் முழுக்க அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. புள்ளிக் கோழி எல்லோரையும் ஏமாற்றிவிட்டு மறுபடி முட்டையிட்டது. ஒன்பது சேர்ந்ததும் அவர் பெட்டியில் அடுக்கினார். மறுநாள் காலை ஆறு மணிக்கு நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்து அவளிடம் நீட்டினார்.

"இந்த வாட்டியும் நீயே பாத்து எழுதிடு."

"எங்கயாவது வெளியூர் போறீங்களா?"

"இல்லையே. இங்கதான் இருக்கேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்ப என் ஜாடி? செருப்போட கிடக்குறத ஒரு பக்கம் பாத்துக்கிட்டு, இங்க வேற நாலு வாட்டி ஓடி வரணுமா?"

"ஜாடியையும் இங்கயே கொண்டாந்து வையேன். யாரு வேணாம்னா?"

அவள் பேனாவை வாங்கி, சுவரில் சாய்ந்துகொண்டு, பெட்டிப் பக்கம் திரும்பாமலே ஒன்பது எடைகளை எழுதினாள். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நாலாவது கொஞ்சம் அதிகமா இருக்கு," என்றார். "குறை."