துவாரபாலகர் முன்னால் நின்றவர்

அரியாலையில் நான் போகும் கோயிலுக்கு வெள்ளிதோறும் ஒரு பெரியவர் சைக்கிளில் வருவார். மெலிந்த உடம்பு, ஒட்ட வழித்த முகம். சட்டையைக் கழற்றிச் சைக்கிளில் போடுவார். சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையை மட்டும் எடுத்து வேட்டி மடியில் செருகிக்கொள்வார். உள்மண்டப வாசலின் இரு பக்கமும் கதாயுதத்தோடு, விரலை உயர்த்தி நிற்கும் துவாரபாலகர்களைக் கடக்கும்போது அவருடைய கை அந்த மடியைத் தொட்டுப் பார்க்கும். போர்க்காலத்தில் அட்டை கேட்டு மறித்த சோதனைச் சாவடிகளை வீதிகளிலிருந்து எடுத்து எத்தனையோ வருடமாகிவிட்டதே என்று மனதுக்குள் சிரித்திருக்கிறேன்.

ஒரு வெள்ளி, பூசை மணி அடித்த பிறகும் அவர் அந்த வாசலுக்கு வெளியே வியர்த்துப்போய் நின்றார்.

"ஏன் ஐயா, உள்ளுக்கு வரேல்லையோ?" என்றேன்.

"அடையாள அட்டையை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன், தம்பி."

"உவை ரெண்டும் கல்லெல்லோ ஐயா."

"ஓம், தெரியும். எண்டாலும் மறிச்சுக்கொண்டு நிக்கினமே."

"என்னோடை வாங்கோ" என்று கையைப் பிடித்தேன். பதறி உதறினார்.

"வேண்டாம் தம்பி. பிறகு உம்மையும் மறிச்சு வைச்சிடுவினம்."

நான் மட்டும் உள்ளே போனேன். உயர்ந்து நின்ற அந்த இரு விரல்களுக்கும் நடுவே கால் வைத்தபோது, என் கை சட்டையில்லாத நெஞ்சில் பையைத் தேடிக்கொண்டிருந்தது.