அலமாரிக் கதவில் ஒரு மடக்கு மேசை

ஒரு பக்கம் பச்சைப் பெயின்ட், மறுபக்கம் வெறும் மரம். மடக்கினால் பெரிய சூட்கேஸ் அளவுக்குத்தான் இருக்கும். அலுவலகத்தில் எனக்கு இப்போது அகலமான கண்ணாடி மேசை உண்டு. ஆனாலும் மேசை என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது என் மாமனார் ஊரடங்குக் காலத்தில் செய்த அந்த மடக்கு மேசைதான். அவர் தச்சர் இல்லை. மணப்பாட்டில் பிறந்து, சரக்குக் கப்பல்களில் சமையல்காரராகவே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். கரண்டி பிடித்த கை, அதுவரை ரம்பம் பிடித்ததில்லை.

நான் நாசரேத்துக்காரி. எங்கள் வீடு சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட் சபை; அவர்கள் வீடு ஆர்.சி., கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஆராதனை, அவர்களுக்குப் பூசை. நாங்கள் காதலித்துக் கட்டிக்கொண்டோம். கல்யாணத்துக்கு இரண்டு அப்பாக்களும் வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு என் அப்பா, நான் வாழப்போன தூத்துக்குடி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மாமாவோ ஒரே வீட்டில் இருந்தும் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரில் நிற்கும்போதே, "அந்தப் புள்ள சாப்பிட்டுச்சா?" என்று அத்தையிடம் கேட்பார். எப்படித் தொடங்குவதென்று தெரியாத மனிதரின் கூச்சம் அது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

துறைமுகத்தில், கப்பல் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஊரடங்கில் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன; நாங்கள்தான் வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டியதாயிற்று. கணவர் கப்பல் வேலைக்குப் போனவர், எந்த ஊரிலும் இறங்க விடாததால் கடலிலேயே மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்ததோ இரண்டு அறைகள். அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்து, முக்காலியில் குனிந்து உட்கார்ந்து கஸ்டம்ஸ் வேலைகளைப் பார்ப்பேன். அத்தைக்கு அரிசி வேண்டுமென்றால் நான் எழுந்திருக்க வேண்டும். கழுத்து வலி தோளுக்கு இறங்கி விரல்கள் மரத்துப்போகத் தொடங்கியபோது, வேலையை விட்டுவிடப்போகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த வேலையும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால், மாமா அலமாரியின் கதவுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருந்த அலமாரிய ஏன் மொட்டையாக்குதீக?" என்று அத்தை கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கு மேசை. வேலை முடிஞ்சதும் மடக்கிக் கட்டிலுக்கடியில வச்சிரலாம். கடை ஒண்ணும் தொறக்கல, பலகைக்கு நான் எங்கன போவேன்?"

இரண்டு கதவுகளையும் சேர்த்து மேல்பலகையாக்க, கதவோடு வந்த கீல்களே ஆயின. உடைந்த கட்டிலின் சட்டங்கள் கால்களாயின. நான் யூடியூபில் ஒரு வீடியோவைத் தேடி, போனை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அவர் அதைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. முதலில் கீலை மேல்பக்கம் அடித்துவிட்டார். மடக்கியபோது கால்கள் நாலும் வெளியே நீட்டிக்கொண்டு, கவிழ்ந்து கிடக்கும் நண்டு மாதிரி இருந்தது. அத்தை சிரித்த சிரிப்பில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் பிரித்து, கீலை அடிப்பக்கம் மாற்றினார்.

மேசை தயாரான அன்றே மேனேஜரோடு வீடியோ மீட்டிங். நான் பேசிக்கொண்டிருக்கும்போது கால்கள் மெல்ல விரிந்தன. மேசை அப்படியே தரையில் படுத்தது. டீ கொட்டியது, லேப்டாப் என் மடியில் சரிந்தது. அடுப்படியிலிருந்து மாமா கரண்டியோடு ஓடி வந்தார்.

"ஏளா, கால்ல பட்டுச்சா?"

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபின் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். "இல்ல மாமா" என்றேன்.

"என்னம்மா, அங்க பூகம்பமா?" என்றது லேப்டாப்புக்குள்ளிருந்து மேனேஜரின் குரல்.

மாமா குனிந்து திரையைப் பார்த்து, "மேசைதான் சார் படுத்துட்டு. புள்ள நல்லா இருக்கா" என்றார்.

அன்று மாலையே கால்களுக்குக் குறுக்கே நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினார். கப்பல் ஆட்டத்தில் பாத்திரம் சரியாமலிருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பி வைத்திருப்பார்களாம். அதே மாதிரி என் டீத் தம்ளர் விழாமலிருக்க மேசையின் ஓரத்தில் மெல்லிய சட்டம் வைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே, புயலில் கஞ்சி காய்ச்சிய கதைகளை என்னிடமே சொன்னார். வேலையை விடுகிற பேச்சு அதோடு போயிற்று. இரண்டாம் நாளிலிருந்து கழுத்து நிமிர்ந்தது.

கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் அம்மாவைப் பார்க்க நாசரேத்துக்குப் போனேன். வேலையும் கூடவே வந்ததால் மேசையையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டேன். அப்பா கணக்கு வாத்தியாராக இருந்தவர். மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து, அமுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

"மாமா."

மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "கயித்துக்கட்டு நல்லாருக்கு. கீலுதான் கோணலா இருக்கு" என்றார்.

ஒரு சனிக்கிழமை நான் மேசையோடு திரும்பக் கிளம்பியபோது, அப்பா வெள்ளை வேட்டி சட்டையோடு வாசலில் நின்றார். சட்டைப்பையில் புதுக் கீல்கள். "இத நேர்ல வந்து மாத்துனாத்தான் சரியா வரும்" என்றார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வீட்டுக்குள் நுழைந்த அப்பாவைப் பார்த்ததும் மாமா எழுந்து நின்றார். அப்பா பையிலிருந்து கீலை எடுத்து நீட்டினார். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல பித்தளை. வாங்க அண்ணாச்சி, அந்தப் பக்கம் பிடிங்க" என்றார். அப்பா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை வேலை நடந்தது, சண்டையும் நடந்தது. எல்லாம் கீலைப் பற்றிய சண்டைதான்.

இருட்டத் தொடங்கியதும், "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஆராதனைக்குப் போவணும், கிளம்புதேன்" என்று அப்பா எழுந்தார்.

"இங்கன தங்குங்க. காலையில எங்க கோயிலுக்குச் சேந்தே போவோம்" என்றார் மாமா.

அப்பா திருப்புளியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். பிறகு கேட்டார்:

"பூசை எத்தன மணிக்கு?"