ஆடாத டிரெய்லர் கேட்டு வந்தவர்கள்

டிரெய்லரை வண்டியோடு பூட்டும் ஹிட்ச் விற்கும் கடைக்கு வருபவர்கள், பெரும்பாலும் தாம் ஏற்கெனவே செய்துவிட்ட முடிவுக்கு ஒரு ரசீது வாங்கவே வருகிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் அப்படியொரு கடையில் வேலை பார்த்தேன். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இரண்டாம் கருத்து

மருந்துக் கம்பெனி அதிகாரி ஒருவர், நம் ஊர்க்காரர், கேம்பிங் டிரெய்லர் வாங்கியிருந்தார். அதன் முன்முனை அழுத்துவதில் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். அந்த எடையை எல்லாச் சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும் ஹிட்ச்தான் உங்களுக்கு வேண்டும் என்றேன். இயந்திரப் பொறியியல் படித்தவள் என்பதையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. உள்ள ஜென்ட்ஸ் யாராவது இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கிக்கறேன்."

முன்பாதி யாருக்கு

அருகிலுள்ள பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து டெக்ஸாஸுக்கு வேலை மாறிப் போகும் ரவி, மனைவி சுமதியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். வேனுக்குப் பின்னால் வீட்டுச் சாமான் ஏற்றிய டிரெய்லர். நெடுஞ்சாலையில் அது பக்கவாட்டில் ஆடிய ஆட்டத்தில் வேனே அடுத்த லேனுக்கு இழுபட்டதாம். ஆட்டத்தைத் தடுக்கும் ஹிட்ச்களில் விலை உயர்ந்ததைக் கேட்டார்.

டிரெய்லரின் கதவைத் திறக்கச் சொன்னேன். கல் கிரைண்டரும் அரிசி மூட்டைகளும் பின்கோடியில் குவிந்திருந்தன. முன்பாதியில் மெத்தை விரித்துச் சாமி படங்கள். அவற்றின் அருகே வேறெதுவும் வைக்கக்கூடாதாம். பின்பாரம் ஏறிய டிரெய்லரை எந்த ஹிட்ச்சும் அடக்காது, மாற்றி அடுக்காமல் விற்க மாட்டேன் என்றேன்.

"சாமி இருக்கற எடத்துல கிரைண்டரை வைக்கச் சொல்றீங்களா மேடம்? நீங்க காஸ்ட்லியானதா குடுங்க, நான் ஸ்லோவா டிரைவ் பண்ணிக்கறேன்."

இடமாற்றம்

வேறு கடை பார்த்துக்கொள்கிறேன் என்று ரவி சாவியை எடுத்தார். நான் சுமதியிடம் திரும்பி, இப்படியே போனால் நீங்கள் மூவரும் டெக்ஸாஸ் போய்ச் சேர மாட்டீர்கள் என்றேன். சுமதி குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு டிரெய்லருக்குள் ஏறினார். படங்களை ஒவ்வொன்றாக வேனுக்குக் கொண்டுபோனார். கடைசியில் கிரைண்டரின் ஒருபுறத்தைப் பிடித்தார். ரவி சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு அதன் மறுபுறத்தைப் பிடித்தார்.

பாரம் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் வந்த பின்பே ஹிட்ச்சை விற்றேன். விலை உயர்ந்தது தேவைப்படவில்லை. அதே நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பினார்கள். டிரெய்லர் ஆடவில்லை. மடியில் முருகன் படத்தோடு, பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த சுமதி கண்ணாடியை இறக்கினார்.

"இவர் டிரைவ் பண்றதுக்கு சாமி எங்க கூடவே இருக்கட்டும்க்கா, அதான் சேஃப்."

ஹிட்ச் கேட்டு வருபவர் முதலில் டிரெய்லரின் கதவைத் திறந்து காட்டட்டும் என்பதைத் தவிர, அந்தத் தொழில் எனக்கு வேறெதையும் கற்றுத் தரவில்லை.