பயில்வான் டாக்டரின் ரத்தம்

எங்கள் வார்டில் பயிற்சி டாக்டராக இருந்த அவளுக்குப் பயில்வான் என்று பெயர் வைத்தது நான்தான். டூட்டி முடிந்தால் மற்ற பயிற்சி டாக்டர்கள் அடித்துப் போட்ட மாதிரி விழுந்து தூங்குவார்கள். இவள் நேரே ஜிம்முக்குப் போய் எடை தூக்குவாள். "அது இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் சிஸ்டர்" என்பாள். அதில் பொய்யில்லை.

அந்த மாதம் உடன் வேலை பார்த்தவர்கள் விடுப்பில் போக, எல்லா வேலையும் அவள் தலையில் விழுந்தது. ஜிம் பக்கமே போக முடியவில்லை. தண்ணீரும் குடிக்க மாட்டாள். குடித்தால் ரவுண்ட்ஸ் நடுவில் கழிப்பறைக்கு ஓட வேண்டுமே. பயிற்சி டாக்டர்கள் அத்தனை பேரும் செய்கிற மடத்தனம் இது. கடைசியில் ஒரு சாயங்காலம் ஓய்வு கிடைத்ததும், விட்டதைப் பிடிக்கிறேன் என்று போய், பழைய எடையையே தோளில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறாள்.

மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். நான் கிண்டல் செய்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "யூரின் கடுங்காப்பி மாதிரி போகுது. தண்ணி பத்தல போல" என்றாள். என் சிரிப்பு நின்றுவிட்டது. இதையே ஒரு நோயாளி சொல்லியிருந்தால் சும்மா விட்டிருப்பாளா?

"கையைக் காட்டுங்க, ரத்தம் எடுக்கணும்."

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றபடியே நீட்டினாள்.

டாக்டர் பெயரில் அனுப்பினால் சீட்டு, கையெழுத்து என்று இழுத்தடிப்பார்கள். அதனால் குழாயில் 'பயில்வான்' என்று எழுதி, வார்டு நோயாளிகளின் ரத்தத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். எங்களுக்குள் இது வழக்கம்தான்.

லேபிலிருந்து போன் வந்தபோது அவள்தான் எடுத்தாள். கேட்கக் கேட்க முகம் மாறியது. ரத்தத்தில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருக்கிறது. இதயம் எந்த நொடியும் நிற்கலாம். ரிசீவரைப் பிடித்தபடியே என்னைப் பார்த்து உத்தரவு போட்டாள். "மானிட்டர் எடுங்க. கால்சியம் ஊசி ரெடி பண்ணுங்க. பேஷன்ட் ஒரு அடி நடக்கக்கூடாது." பிறகு போனில், "எந்த பெட்? பேரு சொல்லுங்க" என்றாள்.

பதில் வந்தது. அவள் அசையவில்லை. காலையிலிருந்து இந்த வார்டுக்கும் கீழ்த்தளத்துக்கும் படியேறி இறங்கிக்கொண்டிருந்தவள் அவள்.

"என்னோடதுதான் சிஸ்டர்" என்றாள்.

காலியாக இருந்த கட்டிலில் படுக்க வைத்து ஊசி போட்டோம். எடை தூக்கியதில் தசை நொறுங்கி ரத்தத்தில் கலந்திருக்கிறது, அது கிட்னியை அடைக்கும் என்று அவளே எனக்குப் பாடம் எடுத்தாள். பாதியில் குரல் உடைந்தது. "கிட்னி போயிடுமா சிஸ்டர்?" என்று என்னைக் கேட்டாள். நானா டாக்டர், பதில் சொல்ல?

பெரிய டாக்டர் ஓடி வந்தார். மானிட்டரைப் பார்த்தார், கோடு இன்னும் சரியாகவில்லை. சலைனை வேகமாக விடச் சொன்னார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "நாளைக்கு உன் டூட்டிய யாரும்மா பாக்குறது?" என்றார்.

காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. மனுஷனா இவர்? வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவள், "நானே வந்துடுறேன் சார்" என்று சொல்லிக்கொண்டே கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள்.

தோளில் ஒரு கையை வைத்து அழுத்தினேன். அந்த ஒரு கையைத் தள்ள அவளால் முடியவில்லை.