தோளில் பதிந்த கை

நம்பாதவர்களுக்கு நான் சத்தியம் செய்து தரப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. 1957இல், முத்தியால்பேட்டைத் தகரக் கொட்டகையில், டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். என்ன பார்த்தோம் என்றுதான் அவர்களுக்குத் தெரியாது.

சொர்ணம், வைத்திக்குப்பத்து மீன்காரி பச்சையம்மாளின் மகள். பூனைக் கண், செம்பட்டை முடி. அப்பா ஒரு பிரெஞ்சுத் துரை. இவள் பிறந்த கையோடு கப்பலேறி ஓடிவிட்டான். அம்மா சொன்னது அவ்வளவுதான். ஊர் வாய்க்கு அவள் எப்போதும் அவல். "எம்பொண்ணு" என்று அந்த மனிதன் ஒரு தடவை சொல்லிக் கேட்க வேண்டும். அவளுடைய ஏக்கம் அது ஒன்றுதான்.

அந்தக் கதையைத்தான் வாத்தியார் தெய்வநாயகம் நாடகமாக்கினார். வெள்ளைக்காரத் துரைக்கும் கறுப்பு மீன்காரிக்கும் தொடுப்பு. முதல் ஆட்டத்தில் கல் விழுந்தது; அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் இரட்டிப்பானது. சொர்ணம் தன் அம்மா வேஷமே கட்டினாள். கடைசிக் காட்சியில் துரை, "இது என் பிள்ளை இல்லை" என்று அவள் தோளைத் தள்ளிவிட்டுப் போவான். "ஓடிப்போனவனே" என்று அவள் திட்டுவாள். படுதா விழும்.

"வாத்யாரே, ஒரு வாட்டியாவது எம்பொண்ணுன்னு சொல்லட்டுமே" என்று கேட்டுப் பார்த்தாள்.

"சொன்னா நாடகம் படுத்துடும்" என்றார் அவர்.

துரை வேஷம் சாமிக்கண்ணுவுக்கு. நல்ல அட்டக்கரி நிறம். முத்துவெள்ளைப் பூச்சு விலை அதிகம் என்பதால் முகத்துக்கும் மணிக்கட்டு வரைக்கும்தான் பூசுவார்கள். கையைத் தூக்கினால் சட்டைக்குள் கறுப்பு தெரியும், கூட்டம் சிரிக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் சொர்ணத்தின் தோளில் வெள்ளையாக ஐந்து விரல் ஒட்டிக்கொள்ளும். பச்சையம்மாள் புடவையைத் துவைத்துப் போடுவாள்.

அன்று கடைசிக் காட்சி. துரை வந்தான்.

வழக்கமாகப் பலகையில் பூட்ஸ் டக் டக்கென்று கேட்கும். அன்று கேட்டது வேறு.

சளக்... சளக்...

கையைத் தூக்கினான். சட்டைக் கை நழுவியது. உள்ளேயும் வெள்ளை.

யாரும் சிரிக்கவில்லை.

அவள் மடியில் இருந்த துணிக் குழந்தையை அவன் பார்க்கவேயில்லை. சொர்ணத்தைப் பார்த்தான். தோளில் கை வைத்தான். தள்ளவில்லை.

சில்லென்றிருந்தது. பிறகு தோள் மரத்துப்போனது.

"எம்பொண்ணு..."

படுதா விழுந்தது.

மேடையோரத் தட்டி மறைவில் சாமிக்கண்ணு நின்றிருந்தான். கையில் ஒரு பூட்ஸ்.

"இன்னா சொர்ணம், இதை மாட்டறதுக்குள்ள எனக்குப் பதிலா யாரை அனுப்பினீங்க? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவளுக்குப் பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. பிறந்ததிலிருந்து ஏங்கிய வார்த்தை காதில் விழுந்தும், மரக்கட்டை மாதிரி வீட்டுக்கு நடந்தாள்.

பச்சையம்மாள் துவைக்கப் புடவையை வாங்கினாள். தோளில் வெள்ளை இல்லை. ஐந்து விரல் அகலத்துக்கு ஈரம் இருந்தது. மோந்து பார்த்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கடல் தண்ணி" என்றாள்.

சொர்ணம் நடந்ததைச் சொன்னாள்.

"உங்கப்பா கப்பல் ஏறலடி. நீ பொறந்த அன்னிக்கு, பொறப்பு எழுதற மேரி ஆபீசுல எம்பொண்ணுன்னு உம்பேரைப் பதிஞ்சிட்டு வரேன்னு கெளம்பினாரு. மறுநா நம்ம குப்பத்து வலையில வந்தாரு."

"யாரும்மா..."

"அவங்க ஆளுங்களோ, நம்ம ஆளுங்களோ. கேட்டா உன்னையும் கடல்ல தள்ளுவாங்கன்னு பயந்துட்டேன். குப்பமும் வாயை மூடிக்கிச்சு. ஓடிட்டாருன்னே சொல்லிட்டேன்."

புடவையை நனைக்காமல் மடித்து மகளிடம் கொடுத்தாள்.

"நாளைக்கு ஆட்டத்துல அவரை ஓடிப்போனவன்னு திட்டாத."