கண்ணாடிக்கு வெளியே பருத்திமார்

கோவில்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே மேற்கு பார்த்த ஒரு கடலைமிட்டாய்க் கடை. பிற்பகல் மூன்று மணி. முகப்பு முழுவதும் புதுக் கண்ணாடி. அதன் வலது பாதிக்கு உள்ளே கடைக்காரர் துணித்திரை தொங்கவிட்டிருக்கிறார். இடது பாதிக்கு வெளியே அவர் மனைவி, காய்ந்த பருத்திச்செடிக் குச்சிகளை வரிசையாகக் கட்டிய பருத்திமார்த் தட்டியைச் சாத்தியிருக்கிறார்.

"தம்பி, கண்ணாடிக் கட்டடத்துல வெக்கையைக் குறைக்க ஆராய்ச்சி பண்ணுதேன்னு சொன்னீய. இந்தக் குப்பையை எடுக்கச் சொல்லுங்க. கண்ணாடி போட்டதே நாலு பேரு பாக்கத்தான்" என்கிறார் கடைக்காரர் என்னிடம்.

"பாகு இளகி மிட்டாய் தாள்ல ஒட்டுதே, அதையும் நாலு பேரு பாக்கட்டும்" என்கிறார் கடைக்கார அக்கா.

திருநெல்வேலி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. பையிலிருந்து இரண்டு வெப்பமானிகளை எடுத்து, பாதிக்கு ஒன்றாகக் கண்ணாடியின் உட்புறம் வைக்கிறேன். திரைப் பக்கம் பாதரசம் ஏறிக்கொண்டே போகிறது. தட்டிப் பக்கம் நான்கு கோடு கீழேயே நின்றுவிடுகிறது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும் என்று சென்னையில் ஒரு வருடமாக வரைபடம் போடுகிறேன். அய்யாவோடு புஞ்சையில் பருத்திமார் சுமந்தவன்தான் நான்; ஆனாலும் இது எனக்குத் தோன்றவில்லை.

"அண்ணாச்சி, தட்டி இருக்கட்டும். அந்தப் பக்கத்துக்கும் ஒண்ணு கட்டுங்க."

அவர் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். "சரி, காலையில ஓரமா எடுத்து வச்சிருவோம், கண்ணாடி தெரியட்டும். மத்தியானத்துக்குப் பொறவு சாத்திக்கிடுவோம்."

"நான் சொன்னப்ப கேக்கல. இந்தப் பாதரசக் குழாய் சொன்னாக் கேக்குதாவ" என்று சிரித்தபடி அக்கா தட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துத் தருகிறார்.

பஸ்ஸில் உட்கார்ந்து தாளைப் பிரிக்கிறேன். ஒட்டாமல் வருகிறது. கடித்தால் படக்கென்று உடைகிறது.