இல்லாத மகனுக்கு ஒரு தேங்காய் பன்

போன வாரம் திருவனந்தபுரம் கிள்ளிப்பாலத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் பக்கத்தில் வந்து சிரித்தாள்.

"அண்ணாச்சி, என்னை மனசிலாச்சா? லதா. பேக்கரி வாசு சேட்டனோட மகள்."

எனக்குப் போட்டியாகக் கடை வைத்திருந்த வாசு சேட்டனுக்கு ஒரே மகள். நலம் விசாரித்தாள். பிறகு, "உங்க மோன் இப்போ எவிடயாணு?" என்று கேட்டாள்.

"கழக்கூட்டத்துல. கம்ப்யூட்டர் கம்பெனி" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

"அச்சன் உயிரோட இருந்து இதைக் கேட்டிருந்தா எத்தர சந்தோஷப்பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு மகன் கிடையாது. மகளும் கிடையாது. கல்யாணமே நடக்கவில்லை. மாப்பிள்ளை பார்க்க வந்த நாகர்கோவில்காரர்கள் என் மேல் அடித்த டால்டா வாசனையிலேயே பாதி பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் என் கடையைப் பார்த்த பிறகு போனார்கள். அப்படியானால் கழக்கூட்டத்தில் வேலை பார்ப்பவன் யார் என்று கேட்பீர்கள். அவன் ஒரு தேங்காய் பன்னிலிருந்து பிறந்தவன்.

கொடைக்கானலில் ஒரு பேக்கரியில் தொழில் படித்துவிட்டு, இங்கே ஆரியசாலைச் சந்தையில் சின்னதாகக் கடை போட்ட காலம். காலையில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் என் பன்னைத்தான் டீயில் முக்கித் தின்பார்கள். சாயங்காலம் ஆனால் அதே ஆட்கள் என் கடையைத் தாண்டி, திருப்பத்தில் இருக்கும் வாசு சேட்டன் கடைக்குப் போவார்கள். போகிறபோது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. சாயங்கால வியாபாரம் இல்லாத பேக்கரி எத்தனை நாள் தாங்கும்? இப்படியே போனால் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்கு வண்டியேற வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்த மனுஷன் பன்னில் அப்படி என்னதான் போடுகிறார்?

தின்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் ஒரு பேக்கரிக்காரன் இன்னொரு பேக்கரி முன்னால் நின்று பன் கேட்பது மானம் போகிற காரியம். சட்டையை மாற்றி, தலையைப் படிய வாரி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு போனேன்.

"பையனுக்குக் காய்ச்சல். பன்னு வேணும்னு அழுறான்."

வாசு சேட்டன் பெரிய உடம்புக்காரர். பனியன், தோளில் துண்டு. என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தர வயசு?"

"அஞ்சு."

"பேரு?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. பதற்றத்தில் என் பெயரையே சொல்லிவிட்டேன். அவர் பன்களைக் காகிதத்தில் பொதிந்து, மேலே இன்னொன்று வைத்தார். "இது மோனுக்கு. காசு வேண்டாம்."

அறைக்கு வந்து அந்தப் பன்னைப் பிய்த்தேன், மோந்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தண்ணீரில்கூடப் போட்டுப் பார்த்தேன். தேங்காய், சர்க்கரை, ஏலக்காய். நான் போடுவதுதான். மண்டை காய்ந்து கண்ணாடியைப் பார்த்தால், என் காதோரம் அப்பியிருந்த மைதா அப்படியே இருந்தது.

ஆனாலும் விடவில்லை. மகனுக்கு அம்மை வந்தது, கக்குவான் வந்தது, பொன்னுக்கு வீங்கி வந்தது. ஒருநாள் சேட்டன், "மோன் என்ன பறஞ்சான்? பன்னு இஷ்டப்பட்டதா?" என்று கேட்டார். தொழில்காரன் வாய் சும்மா இருக்குமா? "மேல் தோல் கொஞ்சம் காஞ்சிருக்குன்னான்" என்றேன். மறுமுறை போனால் பன் எல்லாம் வெண்ணெய் தடவிப் பளபளவென்று இருந்தது. அவருடைய பன்னை நானே இன்னும் நல்லதாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் சேட்டன் என் கடை வாசலில் வந்து நின்றார்.

"பேரனுக்குச் சுகமில்ல, அண்ணாச்சி. ரெண்டு பன்னு தா."

லதா அப்போது ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவள். பேரனாம். நான் அவரைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார். மரியாதை என்று ஒன்று உண்டல்லவா, மேலே ஒரு பன் வைத்து, "இது பேரனுக்கு" என்று கொடுத்தேன்.

மறுநாள் வந்தார். "பேரன் சொல்றான், காலையில பன்னு கொள்ளாம், நல்லாருக்கு. வைகுன்னேரம் ஒரு புளிப்பு. ஈஸ்ட் கூடுதலாணோன்னு கேக்கறான்."

பிறக்காத பயலுக்கு ஈஸ்ட் கேட்கிறதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போனபின் என் பன்னில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். ஊரார் பன்னையெல்லாம் தின்றவன், என் பன்னைச் சாயங்காலத்தில் தின்றது அதுதான் முதல் தடவை. புளித்தது. கொடைக்கானல் குளிருக்குப் படித்த ஈஸ்ட் அளவை, திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் அப்படியே போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அளவைக் குறைத்தேன். மெல்ல மெல்ல சுமட்டுக்காரர்கள் சாயங்காலமும் நிற்க ஆரம்பித்தார்கள். இல்லாத பேரன் என் கடையைக் காப்பாற்றினான்.

அதன்பிறகு வருஷக்கணக்காக எங்கள் பேச்சு பிள்ளைகள் வழியாகத்தான். அவருடைய பப்ஸில் மிளகு தூக்கல் என்று என் மகன் சொல்லுவான். என் கேக் கருகிப்போன நாளில் அவர் பேரனுக்கு வயிறு வலிக்கும். நேருக்கு நேர் சொன்னால் கைகலப்பாகிற பேச்செல்லாம் அந்தப் பயல்கள் வாயில் சுகமாகப் போயிற்று. என் மகன் பத்தாவது தேறியபோது சேட்டன் ஒரு கேக்கே கொடுத்தார். அவர் பேரன் மட்டும் கடைசிவரை வளரவே இல்லை. எப்போதும் அதே காய்ச்சல்காரச் சின்னப்பயல்தான். பொய்யைக்கூடச் சோறு போட்டு வளர்க்கத் தெரியவில்லை சேட்டனுக்கு.

ரோட்டை அகலமாக்க அவர் கடையை இடிக்கிறார்கள் என்றதும் கடைசி நாள் போனேன். அலமாரிகள் காலி. எனக்காக ஒரு தேங்காய் பன்னை எடுத்து வைத்திருந்தார்.

"மோன் எந்து பறயும்?" என்றார்.

பன்னைக் கையில் வாங்கிக்கொண்டேன். "இதுமாதிரி பன்னு எங்கயும் தின்னதில்லன்னு சொல்றான் சேட்டா. சின்னப்பிள்ளையில இருந்தே சொல்றான். நான்தான் உங்ககிட்ட சொல்லல."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் நல்ல குட்டியாணு. அச்சனப் போல கள்ளம் பறய மாட்டான்."

பிறகு என் கடையும் போயிற்று. இரண்டு கடையும் இருந்த இடத்தில் இப்போது பஸ் ஓடுகிறது. ஊரெல்லாம் ஏசி போட்ட, கண்ணாடி வைத்த பேக்கரிகள். பழக்கம் விடவில்லை. புதிதாக ஒன்று திறந்தால் போய் ஒரு பன் வாங்கிவிடுவேன். நேற்றுகூட ஒரு கடையில், கல்லாவில் இருந்த பெண், "ஆப்ல ரேட்டிங் இடணே, ஸார்" என்றாள்.

"வீட்டுல பையனுக்குக் காய்ச்சல்மா. அவன் தின்னு பாத்துதான் சொல்லணும்" என்றேன்.

"ஓகே ஸார்" என்று சொல்லிவிட்டு அவள் எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டாள். பையனுக்கு எத்தனை வயசு என்று கேட்கவில்லை.